பெட்டி தாம்பரத்தில், பேரன் டோக்கியோவில்

அந்த நாளில் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றால் அது பிறந்த வீட்டில்தான். வளைகாப்பும் சீமந்தமும் முடிந்த கையோடு பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். தாயார் தன் அடுப்படியை விட்டு ஓர் அடி நகர வேண்டியதில்லை. இன்றைக்கோ காரியம் தலைகீழாகிவிட்டது. பெண் வருவதில்லை, தாயார்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கிறது. மாயவரத்துக்கோ மதுரைக்கோ என்றால் பரவாயில்லை. கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிற ஜப்பானுக்கு என்றால், எந்தத் தாயாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், நங்கநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும், பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத தெருவைக் காண்பது அரிதாகிவிட்டது. முன்பெல்லாம் அமெரிக்கா, சிங்கப்பூர் என்றுதான் பேச்சு அடிபடும். இப்பொழுது கம்ப்யூட்டர் வேலையின் புண்ணியத்தால் டோக்கியோவும் யோகோஹாமாவும் அந்த ஜாபிதாவில் சேர்ந்துவிட்டன. மாப்பிள்ளைக்கு அங்கே உத்தியோகம், பெண் நிறைமாதம், சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் வலி. ஆகவே, "அம்மா, நீதான் வரணும்" என்று போனில் குரல் வருகிறது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, அல்லது அவருக்கு உடம்பு சரியில்லை. தனியாகவே போயாக வேண்டும்.

சகோதரி, அந்தக் குரல் உங்கள் வீட்டுப் போனில் வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். வராதவர்களும் படித்து வைக்கலாம். நாளைக்கு யார் வீட்டு மணி அடிக்கும் என்று யார் கண்டது?

ஜப்பான் நமக்குப் புதிதா?

முதலில் பயத்தை விடுங்கள். ஜப்பானுக்கும் நமக்கும் பழக்கம் உண்டு. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயரெடுத்த ஏ. கே. செட்டியார் 1930களிலேயே கப்பலேறிப் போய் அங்கே புகைப்படக் கலை பயின்றார். 1970இல் ஒஸாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சியை எம். ஜி. ஆர். படம் பிடித்து வந்தார். 1973இல் வெளியான 'உலகம் சுற்றும் வாலிப'னில் அதை நாமெல்லாரும் வாய் பிளந்து பார்த்தோம்.

அது மட்டுமா? தாம்பரத்துக்காரர்களுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் உண்டு. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் வந்தது 1931இல். பிறகு 1960களில் அந்தப் பாதையிலும் விழுப்புரம் பாதையிலும் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார எஞ்சின்கள், ஜப்பானில் மிட்சுபிஷி கம்பெனியார் செய்து அனுப்பியவை. 2016இல் விமான நிலையம் வரைக்கும் வந்து சேர்ந்த நம் மெட்ரோ ரயிலுக்குப் பெருந்தொகையைக் கடனாகக் கொடுத்ததும் ஜப்பான்தான். ஜப்பானியர் செய்த ரயிலுக்காகத் தாம்பரம் பிளாட்பாரத்தில் காத்து நின்ற ஊர்க்காரர்களுக்கு, ஜப்பானிலேயே ஒரு ரயிலைப் பிடிப்பது அப்படியொன்றும் பிரமாதமான வித்தையல்ல.

தொண்ணூறு நாள் கணக்கு

புறப்படுவதற்கு முன் நீங்கள் போட வேண்டிய முதல் கணக்கு, நாள் கணக்கு. உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஜப்பானியர் தரும் விசாவில் அதிகபட்சம் 90 நாள்தான் தங்கலாம். 'இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேனே' என்ற கெஞ்சலெல்லாம் அங்கே சாதாரணமாகச் செல்லாது. ஆகையால் என்றைக்குப் போய் இறங்குவது என்பதில்தான் முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது.

டாக்டர் குறித்த தேதிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே போய் உட்கார்ந்தால், குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் நீங்கள் விமானம் ஏற வேண்டி வரும். பெண்ணுக்கு உங்கள் கை தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். மிகவும் பிந்திப் போனாலோ, குழந்தை அவசரக்காரக் குழந்தையாக இருந்துவிட்டால் பாட்டி ஆகாயத்தில் இருக்கும்போதே பேரன் பூமிக்கு வந்துவிடுவான். தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக இறங்கினால், குழந்தை பிறந்த பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் கையில் மிச்சம் இருக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கணக்கு ஒத்து வரும். உங்கள் பெண்ணின் உடல்நிலையைப் பார்த்து, டாக்டரைக் கேட்டு ஒரு வாரம் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மூன்று மாதமும் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருமுறை போய் வரும் விசாவைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் காலடி வைத்துவிட வேண்டும். ஆகவே ஐந்தாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிற சமாசாரம் அல்ல அது.

விசா கொடுப்பது சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகம். மனுவைக் கொடுப்பது அதற்கென்று நியமித்திருக்கும் விசா மையத்தில். மாப்பிள்ளை அங்கிருந்து அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம், நீங்கள் தங்கப்போகும் நாட்களின் விவரம், வருமானச் சான்று, 'ஜூமின்ஹ்யோ' என்ற குடியிருப்புச் சான்று ஆகியவற்றை அனுப்ப வேண்டும். நீங்கள் கொடுக்க வேண்டியவற்றுள் முக்கியமானது, அவள் உங்கள் பெண்தான் என்பதற்கு அத்தாட்சி.

'பெற்ற பெண்ணுக்கு அத்தாட்சியா!' என்று சிரிக்க வேண்டாம். நம்மவர்களுக்குப் பெரிய கண்டம் இங்கேதான் காத்திருக்கிறது. பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் 'விசாலம்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'விசாலாட்சி' என்று இருக்கும். ஆதார் அட்டையில் கணவர் பெயரும் சேர்ந்து நீண்டிருக்கும். போதாக்குறைக்கு நம் இனிஷியல் வேறு. அந்த ஓர் எழுத்து சில காகிதங்களில் முன்னால் நிற்கும், சிலவற்றில் பின்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் அனுமார் வாலாக முழுப் பெயராய் விரிந்திருக்கும். அந்த நாள் பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இராமல் வெறும் 'பெண்' என்று மட்டும் எழுதியிருப்பதும் உண்டு. பெண்ணுக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று தெரிந்தவுடனே, இனிப்பு வாங்கின கையோடு இந்தக் காகிதங்களை எடுத்து மேஜைமேல் பரப்பி ஒத்துப் பாருங்கள். பெயரைச் சேர்க்கவும் திருத்தவும் மாநகராட்சி ஆபீசுக்கு நடக்க அப்போதுதான் அவகாசம் இருக்கும். கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் கண்ணீர்தான் மிச்சம்.

பெட்டிக்குள் என்ன?

அம்மா என்றால் பெட்டி நிறையச் சாமான் என்று அர்த்தம். ஆனால் ஜப்பானியச் சுங்கச்சாவடியில் அம்மா பாசம் செல்லாது. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம், வாழையிலை இவற்றை நம் அரசாங்கத்தின் தாவர நோய்ச் சோதனைச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மாமிசம் சேர்ந்த எந்தப் பண்டமும் கூடாது. கசகசாவை எடுத்துச் செல்லவே வேண்டாம். சிங்கப்பூர் வழியாகப் போனால் அங்கே அது தடை செய்யப்பட்ட சரக்கு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் போன்றவற்றைக் கடையில் மூடி முத்திரையிட்ட பொட்டலமாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஊறுகாயையும் லேகியத்தையும் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட திரவமும் குழம்பும் கைப்பையில் வந்தால் மீனம்பாக்கத்திலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். துவரம் பருப்பும் உளுத்தம் பருப்பும் சுமக்க வேண்டியதே இல்லை. டோக்கியோவில் நிஷி கசாய், ஷின் ஒகுபோ பக்கம் இந்திய மளிகைக் கடைகளில் அவை தாராளமாகக் கிடைக்கின்றன.

மிக்ஸியையும் எடுத்துப் போகாதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான். அங்கே நம் மிக்ஸி, உண்ட மயக்கத்தில் எழுந்து நடக்கிறவரைப் போல மெல்லச் சுற்றும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். டாக்டர் சீட்டில் வாங்கும் மருந்துகளை ஒரு மாத அளவுக்குத்தான் தடையில்லாமல் கொண்டு போகலாம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மூன்று மாத மாத்திரை எடுத்துச் செல்வதானால், 'யுன்யு காகுனின் ஷோ' என்ற அனுமதிக் காகிதத்தை ஜப்பானிய அதிகாரிகளிடம் முன்கூட்டியே பெற வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல்லி விண்ணப்பிக்கச் செய்யுங்கள். சூடோஎபிட்ரின் 10 சதவிகிதத்துக்கு மேல் கலந்த ஜலதோஷ மாத்திரையும், கோடீன் ஒரு சதவிகிதத்துக்கு மேல் கலந்த இருமல் மருந்தும் அங்கே ஆகாது. டாக்டர் சீட்டின் பிரதியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரயாண இன்ஷூரன்ஸ் எடுக்காமல் புறப்படாதீர்கள். பிரசவம் பார்க்கப் போன இடத்தில் பாட்டி வழுக்கி விழுந்தால், அந்த ஆஸ்பத்திரிப் பில்லுக்கு யார் பதில் சொல்வது?

திரிசூலத்திலிருந்து நரிட்டா வரை

தாம்பரத்துக்காரர்களுக்குக் கடவுள் ஒரு பெரிய சலுகை கொடுத்திருக்கிறார். ஆகாய விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டினால் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே விமான நிலையம். இருந்தாலும் பெரிய பெட்டிகளுடன், நடுநிசி விமானத்துக்கு டாக்ஸியே உத்தமம். வழியனுப்ப வருகிற கோஷ்டி வேண்டுமானால் ரயிலில் வரட்டும்.

2019 அக்டோபரில் சென்னைக்கும் டோக்கியோவின் நரிட்டாவுக்கும் நேரடி விமானம் விட்டார்கள். மறு வருஷமே கொரோனா வந்து அதை நிறுத்திவிட்டது. எங்கேயாவது ஒரு முறை இறங்கி மாறிப் போவதுதான் வழக்கம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங், கொழும்பு, டில்லி என்று பல வழிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் வழியென்றால் முதல் விமானத்தில் நாலு மணி நேரம், அடுத்ததில் ஏழு மணி நேரம், சற்று முன்பின்னாக ஆகும்.

தனியாகப் போகிற தாய்மார்கள் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கச் சொல்லுங்கள். அப்படி வாங்கினால் சென்னையில் போட்ட பெட்டியைப் பொதுவாக டோக்கியோவில்தான் கையில் வாங்குவீர்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுகிற பொறுப்பும் கம்பெனியைச் சேரும். சில நூறு ரூபாய் குறைகிறதென்று தனித்தனி டிக்கெட் வாங்கினால் நடுவழியில் அந்தப் பாரமெல்லாம் உங்கள் தலையில். இரண்டாவது, மாறுகிற இடத்தில் இரண்டரை மணி முதல் நாலு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். நடக்க முடியாதவர்களும், ஆங்கிலம் வராமல் தடுமாறுகிறவர்களும் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தள்ளிப் போகிறவர் உங்களைச் சரியான வாசலில் கொண்டு நிறுத்துவார்.

மூன்றாவது, சாப்பாடு. சைவக்காரர்கள் 'இந்துச் சாப்பாடு' என்று குறித்துவிட்டு நிம்மதியாக ஏறி உட்காருகிறார்கள். தட்டைத் திறந்தால் கோழி முறைக்கிறது! விமானக் கம்பெனிகளின் அகராதியில் இந்துச் சாப்பாடு என்றால் மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு என்றுதான் பொருள். நமக்கு வேண்டியது ஆசிய சைவச் சாப்பாடு. அதன் அடையாளச் சொல் 'ஏ. வி. எம். எல்.' நினைவில் வைப்பது சுலபம்: வடபழனி ஏ. வி. எம்.மோடு ஓர் 'எல்' சேர்த்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு ஒரு நாளாவது முன்பு சொல்லிவிட வேண்டும்.

இறங்கியதும் விரல் ரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். பெரும்பாலான அந்நியருக்கும் அப்படித்தான். பெண்ணின் விலாசத்தையும் போன் நம்பரையும் ஜப்பானிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பச் சொல்லிக் கைப்பையில் வைத்திருங்கள். போனில் சார்ஜ் தீர்ந்து போகலாம். காகிதத்துக்குச் சார்ஜ் தேவையில்லை. ஹனேடா விமான நிலையம் டோக்கியோவுக்குள்ளேயே இருக்கிறது. நரிட்டாவோ நகரத்திலிருந்து 60 கிலோமீட்டர். மாப்பிள்ளை லீவு போட்டு அழைக்க வர வேண்டியிருந்தால் எந்த நிலையத்தில் இறங்குவது என்பதையும் யோசித்து டிக்கெட் வாங்குங்கள்.

ரயில் ராஜ்யம்

டோக்கியோவில் சுரங்க ரயில் ஓட ஆரம்பித்தது 1927இல். நம் தாம்பரத்து மின்சார ரயிலுக்கு அது நாலு வயதுதான் மூத்தது. ஆனால் அண்ணன் வளர்ந்திருக்கிற வளர்த்தி வேறு! ரயில் படத்தை விரித்தால் சிக்குக் கோலம் மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். அங்கே எழுத்துத் தெரியாதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். சுரங்க ரயிலின் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற நிஷி கசாய், தோஸாய் பாதையில் 'டி 16'. ஸ்டேஷன் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் 'டி 16' நுழையும் அல்லவா? பதினாலு, பதினைந்து என்று எண்ணிக்கொண்டே வந்து இறங்கிவிடலாம்.

டிக்கெட் வாங்கத் திண்டாட வேண்டாம். சுயிகா அல்லது பாஸ்மோ என்ற அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொண்டால், நம் மெட்ரோவில் செய்வது போலவே வாசலில் ஒற்றி எடுத்தால் போதும். ரயிலிலும் பஸ்ஸிலும் பல கடைகளிலும் அதே அட்டை செல்லும். கூட்ட நேரத்தில் சில பாதைகளில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. வண்டிக்குள் போனில் பேசுவது மரியாதை அல்ல. தானாக நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார்கள், ஒஸாகாவில் வலப்பக்கம். எதற்கும் முன்னால் நிற்பவரைப் பார்த்து நில்லுங்கள். பாஸ்போர்ட்டை எப்பொழுதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

பெண் வீட்டில்

ஜப்பானியரிடமும் ஒரு வழக்கம் உண்டு; கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவதற்கு அவர்கள் பாஷையில் 'சதோகஎரி' என்று பெயரே இருக்கிறது. ஆகவே 'பெண்ணுக்குப் பிரசவம், அதற்காக வந்திருக்கிறேன்' என்று நீங்கள் சொன்னால், பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டிக்கு விளக்கம் தேவைப்படாது.

கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் நகர அலுவலகத்தில் தாய்சேய்க் கைப்புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். 1940களிலிருந்து இருந்து வரும் ஏற்பாடு இது. பரிசோதனை, தடுப்பூசி, குழந்தையின் எடை எல்லாம் அதில் ஏறும். சுகப்பிரசவமானால் ஐந்து நாள் போல ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். கூட யார், எத்தனை நேரம் இருக்கலாம் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும். முன்பே கேட்கச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த 14 நாளுக்குள் அங்கே பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். 30 நாளுக்குள் குழந்தையின் வாச அனுமதிக்கு மனுச் செய்ய வேண்டும். மாப்பிள்ளை ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிற அலைச்சலில் இதை மறந்துவிடாமல் நினைவுபடுத்துவது பாட்டியின் உத்தியோகம்.

வெளியே சாப்பிடும்போது சைவக்காரர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். பார்வைக்குக் காய்கறி சூப்பாகத் தெரிவதில்கூட 'தாஷி' என்ற சாறு கலந்திருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. 'நிகு' என்றால் இறைச்சி. 'சகானா' என்றால் மீன். 'தமாகோ' என்றால் முட்டை. இந்த மூன்றோடு 'தாஷி'யையும் சேர்த்து நாலு வார்த்தை தெரிந்தால் பாதி ஆபத்து விலகிவிடும். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சமையலில் இறைச்சியும் மீனும் இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட வழக்கத்தில் இல்லை. நம் ஏகாதசி மாமிகளுக்கும் அது ஒத்து வரும்.

பூமி ஆடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'சுனாமி' என்ற சொல்லே ஜப்பானியரிடமிருந்து வந்ததுதான். 2004க்குப் பிறகு நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிறு நடுக்கங்கள் அங்கே சகஜம். கைப்போன் அலறினால் ஓட வேண்டாம். தலையைக் காத்துக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்து, ஆட்டம் நிற்கும்வரை இருக்க வேண்டும். 1981இல் அவர்கள் கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள். பெண் குடியிருக்கும் கட்டடம் அதற்குப் பிற்பட்டதா என்று கேட்டுக்கொண்டால் உங்கள் மனத்துக்கு நிம்மதி.

உங்களுக்கென்று நாலு நாள்

இப்பொழுது ஒரு முக்கியமான காரியம். சேலையூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் பெண்ணின் பிரசவத்துக்குப் போய் 85 நாள் டோக்கியோவில் இருந்துவிட்டு வந்தார். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "ஒரு பால்கனி, ஒரு சமையலறை, ஒரு காய்கறிக் கடை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஆயுளில் ஒருமுறை அத்தனை தூரம் போனவர் அப்படித் திரும்பலாமா? 'குழந்தையை விட்டுவிட்டு ஊர் சுற்றினாள்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம்தான் காரணம். போகும் முன்பே பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்: 90இல் 86 நாள் உங்களுக்கு, நாலு நாள் எனக்கு. மாப்பிள்ளைக்கு விடுமுறை வருகிற நாளாகப் பார்த்து அந்த நாலையும் இப்பொழுதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

பிரசவத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் ஒரு நாள் அசகுசா போய் வாருங்கள். அங்கே பெரிய கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், மட்சுசியாமா என்ற சிறு குன்றின்மேல் நம் பிள்ளையார் இருக்கிறார்! 'ஷோடென்' என்று அவருக்குப் பெயர். மூர்த்தியைத் திரைக்குள் மறைத்து வைத்திருப்பார்கள். கொழுக்கட்டை கிடையாது, பக்தர்கள் படைப்பது வெள்ளை முள்ளங்கி. பெண்ணுக்குச் சுகப்பிரசவமாக வேண்டுமென்று ஒரு முள்ளங்கி வாங்கி வைத்துவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் கடலோரத்து எனோஷிமா தீவு. அங்கே 'பென்சைட்டென்' என்ற பெயரில் சரஸ்வதி தேவி கையில் வீணை போன்ற வாத்தியத்துடன் வீற்றிருக்கிறாள்.

மிச்சமுள்ள இரண்டு நாளைக் குழந்தைக்கு மாதம் ஒன்றரை கடந்த பிறகு, கியோட்டோவுக்கும் நாராவுக்கும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஷின்கான்சென் இருக்கிறது. 1964 அக்டோபர் 1ஆம் தேதி ஓடத் தொடங்கிய அதிவேக ரயில் அது. டோக்கியோவிலிருந்து ஒஸாகாவுக்கு 515 கிலோமீட்டர்; எழும்பூரிலிருந்து மதுரைக்குள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம். அன்று நாலு மணி நேரமானது; இன்று ஏறத்தாழ இரண்டரை மணி. வழக்கமான ஜப்பானியப் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் கூடுதல். இந்த வேகத்துக்கு அது போதாதென்று 1,435 மில்லிமீட்டரில் புதிதாகப் பாதை போட்டார்கள். குறுக்கே ரோடு வராது, கேட் கிடையாது. வண்டி மோதியோ தடம் புரண்டோ இதுவரை ஒரு பிரயாணியும் அதில் உயிரிழந்ததில்லை.

கியோட்டோ போகும்போது 'ஈ' என்று குறித்த ஜன்னலோர ஆசனத்தைக் கேளுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள், மேகம் மறைக்காவிட்டால், 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலை வலப்பக்கம் தரிசனம் கொடுக்கும்.

இங்கே ஒரு வீட்டுக் கணக்கு. அந்நியப் பிரயாணிகளுக்கு ஏழு நாள் ரயில் பாஸ் விற்கிறார்கள். முன்பு 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000 யென்; போக வர 28,000. அந்த ஒரு பிரயாணத்துக்காகப் பாஸ் வாங்கினால் 22,000 யென் நஷ்டம். 'பாஸ் வாங்கினால் லாபம்' என்று பழைய நினைவில் யாராவது சொன்னால், காகிதமும் பென்சிலும் எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டும் போக வேண்டாம். கறுப்புப் பூனை சின்னம் போட்ட சாமான் அனுப்பும் கம்பெனி 1976 முதல் வீட்டிலேயே வந்து பெட்டியை எடுத்து, பெரும்பாலும் மறுநாள் போகிற இடத்தில் சேர்க்கிறது. விமான நிலையத்துக்கும் அப்படியே அனுப்பலாம்.

கியோட்டோவிலிருந்து முக்கால் மணி ரயிலில் நாரா. அங்கே தோதாய்ஜி கோயிலில் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். அந்தப் புத்தருக்கு 752ஆம் வருஷம் கண் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று சொல்லப்படுகிறார். 736இல் ஜப்பானில் இறங்கினார். பாஸ்போர்ட் இல்லை, ஏ. வி. எம். எல். இல்லை, மரக்கப்பலும் மனத்துணிவும்தான். அவர் போனார், நாம் போக முடியாதா?

எப்பொழுது போவது என்பது பேரன் கையில் இருக்கிறது. அவன் வருகிற நேரம்தான் முகூர்த்தம். என்றாலும் தெரிந்துகொள்ளுங்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதலிலும் டோக்கியோவில் செர்ரிப் பூ. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு வாரம் அவர்களுக்குத் தொடர் விடுமுறை. ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். ஜூனில் மழை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புயல் பயம், நவம்பரில் இலைகள் சிவக்கும் அழகு. ஜனவரியில் விடியற்காலைக் குளிர் உறைநிலையைத் தொடும். நம் மார்கழி ஸ்வெட்டர் அதற்குக் காணாது.

கடைசியாக ஒரு வார்த்தை. திரும்புகிற நாள் கஷ்டமான நாள். பேரன் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருப்பான். பெண்ணுக்குத் தொண்டை அடைக்கும். 90ஆம் நாளே டிக்கெட் போட்டு வைக்காதீர்கள். புயலோ வேறு தடங்கலோ வந்தால் சட்டச் சிக்கலில் மாட்டுவீர்கள். மூன்று நாலு நாள் முன்னதாகவே குறித்துவிடுங்கள். அந்தக் கடைசி வாரத்தில் ரசப்பொடி அரைக்கவும் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கவும் மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். போன கையோடு பெண்ணுக்குத் துணை போய்விடாமல் இருக்கும்.

சுகமாகப் போய், சுகமாகத் திரும்பி வாருங்கள். வந்ததும் மறக்காமல் அடுத்த வீட்டு அம்மாளுக்கு உங்கள் பெட்டியை இரவல் கொடுங்கள். அவர் பெண்ணுக்கும் இது ஐந்தாம் மாதமாம்.